தள்ளச் சொன்னது யார்

மச்சான்,

இன்று காலை மகள் ஒரு புது அலமாரி வாங்கி அனுப்பியிருந்தாள். இரண்டு பேர் வந்து புந்தோங் வீட்டு முன்னறையில் பலகைகளைப் பரப்பி, திருகாணி முடுக்கி, நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பூட்டி நிறுத்திவிட்டுப் போனார்கள். கதவைத் திறந்தேன். குப்பென்று பசை வாடை முகத்தில் அடித்தது. மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகள் சிரித்தாள். "அலமாரி வாங்கிக் குடுத்ததுக்கா அப்பா அழுறீங்க?" என்றாள். பசை காரமாக இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். அது பொய்யும் இல்லை.

மேலே தேக்கு மாதிரி தெரிய ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே இருப்பது அரைத்து, பசை கலந்து, சூட்டில் அழுத்திய ரப்பர் பால்மரம். யாரிடம் மறைக்கிறார்கள்? இந்தப் பலகை போடுகிற ஆலையை நட்டு போல்ட்டு போட்டு நிறுத்தியவர்களில் நாமும் இருந்தோம். அதில் உனக்குக் கால் போனது, பிறகு பெயர் போனது, இப்போது நீயே போய்விட்டாய்.

செத்தவனுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. குறுக்கே பேச மாட்டான். நீ இருந்தவரை இந்தப் பேச்சை எடுத்தாலே "விடு லா மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாய். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நீ போகிற வேகத்தைப் பார்த்தால் காலில்லாதவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இப்போது எங்கே எழுந்து போவாய்? உட்கார்ந்து கேள்.

எழுபதுகளில் நாம் ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்த காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். குட்டையில் மிதக்கிற அந்த இரும்பு மலையில் ஏதாவது உடைந்துகொண்டே இருக்கும். உடைந்ததைக் கழற்றித் தூக்கிப் புதியதை மாட்டுவதுதான் நம் கும்பலின் வேலை. நான் வின்ச் ஓட்டுவேன். நீ முன்னால் நின்று கைகாட்டுவாய். கட்டைவிரல் மேலே போனால் தூக்க வேண்டும், உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்க வேண்டும், கையை மூடினால் எல்லாம் நிற்க வேண்டும். அந்தச் சத்தத்தில் வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது. "என் கையப் பாரு, மூஞ்சியப் பாக்காத" என்பாய். "பாக்குற மாதிரியா இருக்கு?" என்பேன். எத்தனையோ டன் இரும்பு உன் விரலுக்குக் கட்டுப்பட்டு ஆடாமல் இறங்கியிருக்கிறது. ஈப்போவில் பாரம் தூக்கும் குத்தகைக்காரச் சீனர்கள், நீ வருவாயா என்று கேட்ட பிறகுதான் கூலியே பேசுவார்கள். எனக்கு அதில் பொறாமைகூட இருந்தது. சொல்வதற்கென்ன, இப்போது நீ சிரிக்கவா போகிறாய்?

எண்பதுகளின் நடுவில் ஈயம் விலை விழுந்தது. கப்பல் அப்படியே குட்டையில் நின்றுபோனது. சிம்பாங் பூலாய் காப்பிக்கடையில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் பீடோர்ப் பக்கம் பலகை ஆலை வருகிறது என்று கேள்விப்பட்டோம். வருகிற இடம் நீ பிறந்த தோட்டம். துரைமார் விற்று, வாங்கியவன் விற்று, கடைசியில் ஒரு கம்பெனி கையில் இருந்தது. பால் வற்றிய மரங்களை முன்பெல்லாம் விறகுக்குத்தான் வெட்டுவார்கள். இனிமேல் அதை அரைத்துப் பலகை ஆக்குவார்களாம். அதற்கான இயந்திரம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வருகிறது, பூட்டுவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள்.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு. கூடவே சில வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். தலைவருக்குத் தாடி. பெயர் நம் வாயில் நுழையாததால் "தாடி" என்றே வைத்துவிட்டோம். கெட்டவர் இல்லை. வேலை தெரிந்தவர், வெயிலில் நம்மோடு நின்றவர். உன் கைகாட்டுதலை முதல் நாள் முழுக்க நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் சிகரெட்டை நீட்டி, அடுத்த ஆலையைச் சுமத்திராவில் பூட்டப் போகிறோம், நீயும் உன் வின்ச்காரனும் வாருங்கள் என்றார். அன்றைக்கு வீடு திரும்பும்போது மோட்டார்சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து நீ பாடிக்கொண்டே வந்தாய். உனக்குப் பாட வராது. நான் வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

அதோடு நீ நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தோட்டத்து ஆட்களையும் வேலைக்கு எடுக்கச் சொல்லி கம்பெனி மேனேஜரிடம் மன்றாடினாய். "மரத்த வெட்டிட்டாங்க. இவங்கள என்ன பண்றது? இவங்களயும் அரைக்கவா முடியும்?" என்று என்னிடம் கேட்டாய். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆலையைப் பூட்டும்போது ஒழுங்காக வேலை செய்கிறவர்களை, ஆலை ஓடத் தொடங்கியதும் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாகவும், அதுவரை அவர்கள் குடியிருந்த லயத்தை இடிப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார். பால் வெட்டிய கைகளுக்கு நீயே கடப்பாரை பிடிக்கக் காட்டினாய். நன்றாகத்தான் வேலை செய்தார்கள். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அவர்களோடு, தோட்டத்தில் அவர்களை மேய்த்த மண்டோரும் வந்தார். தோட்டம் போய்விட்டது, மரம் போய்விட்டது, துரை போய்விட்டார். மண்டோர் மட்டும் போகவில்லை. அதே காக்கிச் சிலுவார், அதே குடை. பெட்டியின் மேல் குடையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வேலை ஒன்றும் கிடையாது. ஆட்களைக் கொண்டுவந்தவர் என்பதால் கம்பெனி அவரிடம்தான் பேசியது, அவர் மூலமாகத்தான் ஆள் எடுப்பதாகச் சொன்னது. அவர் இருமினால்கூட நம் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வயதான ஆள் ஒருவர் அவரைக் கண்டதும் வாயிலிருந்த சுருட்டை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்ததை நானே பார்த்தேன். அந்தச் சுருட்டுக்காரருக்கே பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

"இந்த ஆள வெளியில உக்காரச் சொல்லு மச்சான். எனக்குச் சரியாப் படல" என்று உன்னிடம் சொன்னேன். நினைவிருக்கிறதா? "இருந்துட்டுப் போறாரு லா. அவருக்கு வேற என்ன தெரியும்?" என்றாய். உன் நல்ல மனசைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

அந்த நாள். அழுத்தும் இயந்திரத்தின் அடிப்பாகத்தை உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தோம். கூரை போட்டாகிவிட்டதால் கிரேன் உள்ளே வர முடியாது. இரும்புக் குழாய்களை உருளையாகப் போட்டு, முன்னால் என் வின்ச் இழுக்க, பின்னாலும் பக்கத்திலும் ஆட்கள் கடப்பாரையால் நெம்பித் தள்ள, கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. நீ கையை விரித்தால் நகர்த்த வேண்டும், மூடினால் நிற்க வேண்டும். தானாக ஓடிவிடாமல் பின்னால் ஒரு சங்கிலி பிடித்திருந்தது. அதில் ஒரு சாண் தளர்வு எப்போதும் விட்டுத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நகராது. அது உட்கார வேண்டிய குழிக்குப் பக்கத்தில் வந்தபோது ஒரு குழாய் கோணிக்கொண்டது. நீ கையை மூடினாய். நான் வின்ச்சை நிறுத்தினேன். எல்லோரும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். நீ குனிந்து, இடது கையை மூடியபடி மேலே பிடித்துக்கொண்டு, வலது கையில் சுத்தியலால் குழாயைத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தாய். உன் கால் குழாயை ஒட்டி இருந்தது. வேறு எங்கே வைக்க முடியும்?

அந்த நேரம் பார்த்து மேனேஜர், முதலாளி தவுக்கேயை அழைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். மண்டோர் பெட்டியிலிருந்து துள்ளி எழுந்தார். வாழ்நாள் முழுக்க அவருக்கு ஒரே பயம்தான், துரை வரும்போது ஆள் சும்மா நிற்கக் கூடாது. தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் பொழுது விடிவதற்கு முன்னால் பேர் கூப்பிட்ட அதே குரலில் ஒரு சத்தம் போட்டார்.

"என்னங்கடா மரம் மாதிரி நிக்கிறீங்க? தள்ளுங்கடா!"

தள்ளினார்கள்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உன்னை அவர்களுக்குப் பிடிக்கும். உன் கையைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் உன் கை அவர்கள் கண்ணுக்குப் போய், கண்ணிலிருந்து புத்திக்குப் போக வேண்டும். அந்தக் குரல் நேரே முதுகுக்குப் போனது. அப்பன் காலத்திலிருந்து அந்தக் குரலுக்கு வளைந்த முதுகு. சங்கிலியில் விட்டிருந்த அந்த ஒரு சாண் நகர்ந்தது. நீ கத்தவில்லை. "ஐயோ" என்றுகூடச் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தாய். உன் இடது கை அப்போதும் மூடித்தான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் பார்க்க வேண்டியதே அந்தக் கையைத்தானே?

மறுநாள் தகரக் கொட்டகையில் விசாரித்தார்கள். மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. தாடிக்கும் தெரியாது. கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில் யாரோ கத்தினார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, நின்ற இடத்திலிருந்து உன் கையும் தெரியவில்லை. தமிழில் போட்ட கட்டளைக்குத் தமிழன்தானே சாட்சி? நான் சொன்னேன். கை மூடியிருந்தது, மண்டோர் கத்தினார், இவர்கள் தள்ளினார்கள் என்று மலாயிலும் தெரிந்த இங்கிலீசிலும் சொன்னேன். பிறகு ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். "தெரியல" என்றான் ஒருவன். "அவரு கைய விரிச்ச மாதிரி இருந்துச்சு" என்றான் உன் லயத்தில் உன் பக்கத்து வீட்டில் பிறந்தவன். மண்டோர் வாயைத் திறக்கவே இல்லை. குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமில்லை. நீ வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பாதிக்கப்பட்டவன் நீ. உன்னை யார் சந்தேகப்படுவார்கள்? மேனேஜரும் தாடியும் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தார்கள். திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். "அவனே சொல்கிறான், கையைத் தவறுதலாக விரித்துவிட்டானாம். நீ ஏன் கிழவர் மேல் பழி போட்டாய்? உனக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா?" என்று மேனேஜர் கேட்டார். தாடி என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பொய்யனோடு சுமத்திராவுக்குப் போக யாருக்குப் பிடிக்கும்? அன்றோடு என்னை நிறுத்திவிட்டார்கள்.

நேரே உன்னிடம் வந்தேன். கணுக்காலுக்கு மேலே எடுத்திருந்தார்கள். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உன் மனைவி சரசு உட்கார்ந்திருந்தாள். "அண்ணே, இவரு கை தவறிருச்சாமே, நெசமா?" என்று என்னைக் கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ விட்டத்தைப் பார்த்தாய். அவளைத் தேத்தண்ணி வாங்கி வர அனுப்பிவிட்டு உன் மேல் பாய்ந்தேன். கால் போனவன் என்றுகூடப் பார்க்கவில்லை.

"ஏண்டா அப்படிச் சொன்ன? பைத்தியமா ஒனக்கு?"

"சத்தம் போடாத லா. அவரத் தூக்கினா எல்லாரயும் தூக்கிருவாங்க. லயத்தயும் இடிச்சிருவாங்க. பொண்டாட்டி புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்க போவாங்க?"

"அப்ப ஒன் காலு?"

"காலு போயாச்சு. உண்மையச் சொன்னா மொளைக்குமா?"

முளைக்காதுதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். காலை இயந்திரம் எடுத்தது, சரி. உன் பெயரை நீயே ஏன் எடுத்துக் கொடுத்தாய்? கையை மூடத் தெரியாத கைகாட்டி என்று ஈப்போ முழுக்கப் பேச்சாகிவிட்டது. கால் இல்லாமலும் நீ நாற்காலியில் உட்கார்ந்து கைகாட்டியிருக்கலாம். அந்தக் குத்தகைக்காரர்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒருவன்கூட வரவில்லை. என் பெயரையும் சேர்த்துக் கொடுத்தாயே, என்னைக் கேட்டாயா?

மண்டோரும் உன்னைப் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் டின்னும் கொண்டுவந்தார். "பாத்து செஞ்சிருக்கலாம்ல தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ தலையாட்டினாய். நான் அந்த டின்னை ஜன்னல் வழியாக வீசப் போனேன். சரசு பிடுங்கிக்கொண்டாள்.

ஆலை ஓடியது. தோட்டத்து ஆட்களுக்கு வேலை கிடைத்தது, நீ சொன்னபடியே. கிடைத்து என்ன? நிரந்தர வேலை இல்லை, மண்டோர் பெயரில் குத்தகை வேலை. சில வருஷம் கழித்து இரண்டாவது இயந்திரம் வந்தது. அதற்குப் பாதி ஆள் போதும். வேலை போனவர்கள் போக, லயத்தையும் இடித்தார்கள். புந்தோங்குக்கும் பீடோருக்கும் பிரிந்து போனார்கள். கொட்டகையில் பொய் சொன்ன உன் பக்கத்து வீட்டுக்காரன் ஒருமுறை பாசாரில் என்னைப் பிடித்துக்கொண்டு அழுதான். "புள்ளகுட்டிக்காரன்ணே, என்ன செய்றது?" என்றான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ இரும்புக்கடை ஒன்றின் வாசலில் ஜாகாவாகக் காவலுக்கு உட்கார்ந்தாய். நான் பஸ் பட்டறையில் சேர்ந்தேன். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தேன், சண்டை போட்டேன், மறுபடியும் வந்தேன். சரசு உனக்கு முன்னால் போனாள். அவளுக்கும் நீ சொல்லவில்லை. உன் கவனக்குறைவால்தான் குடும்பம் கெட்டது என்று நம்பியபடியே அவள் போனாள். அதை எப்படித் தாங்கினாய் என்று எனக்கு விளங்கவே இல்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை ஒன்று இருக்கிறது. உன் மகன் வளர்ந்து அதே ஆலைக்கு வேலைக்குப் போனான். நீ தடுக்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களை முதல் நாள் உட்காரவைத்து, ஆபத்துகளைப் பற்றிப் பாடம் நடத்துவார்கள். அதில் ஒரு கதை உண்டாம். இந்த ஆலையைப் பூட்டிய காலத்தில், கையை மூட வேண்டிய இடத்தில் விரித்துத் தன் காலைத் தானே இழந்த ஒரு கைகாட்டியின் கதை. பெயர் சொல்வதில்லை. உன் மகன் அதைக் கேட்டுக்கொண்டு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தான், மச்சான். அந்தக் கைகாட்டி யாருடைய அப்பன் என்று அவனுக்கு மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து அவன் உன்னிடம் சொன்னபோது, நல்ல பாடம்தான், நன்றாகக் கேட்டுக்கொள் என்றாயாம்.

நீ இருந்தவரை நான் வாயைத் திறக்கவில்லை. உன் கருமாதி அன்று திறந்தேன். காரியம் முடிந்து ஐயர் போன பிறகு, பந்தலுக்கு வெளியே உன் மகனைத் தனியாகக் கூப்பிட்டேன். அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய் கோணியது, உன் கை, மண்டோரின் சத்தம், தகரக் கொட்டகை, கட்டில். அவன் பொறுமையாகக் கேட்டான். இத்தனை வருஷத்துப் பாரத்தை இறக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

அவன் என் தோளில் கை வைத்தான்.

"அப்பா முன்னமே சொல்லிட்டாரு மாமா. நான் போன பெறகு மாமா ஒன்கிட்ட வேற மாதிரி சொல்லுவான், என் மேல உள்ள பிரியத்துல சொல்லுவான், சண்ட போடாம கேட்டுக்கன்னாரு. பரவால்ல மாமா. நான் அப்பாவ எப்பவோ மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டானாம். உன்னை. உன் மகன்.

"சாப்பிட்டுப் போங்க மாமா" என்று இலை போட்டான். உட்கார்ந்து சாப்பிட்டேன். வேறு என்ன செய்வது? அவன் பரிமாறினான். நல்ல பிள்ளையாகத்தான் வளர்த்திருக்கிறாய்.

என்னிடம் இப்போது இருப்பது இது ஒன்றுதான் மச்சான். அதை யாரிடமும் கொடுக்க முடியாதபடி நீ எல்லாக் கதவையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் போனால் அதுவும் என்னோடு போகும். உன் மகன் உன்னை மன்னித்திருக்கலாம். நான் மன்னிக்கவில்லை. கை மூடித்தான் இருந்தது. நான் பார்த்தேன்.